62இல் நாங்கள் எங்கே இருந்தோம்?

"சார், நாலு வரி போதும். சுவத்துல எழுதணும். படிச்சதும் சனங்களுக்குப் பழைய ஞாபகம் பொங்கிக்கிட்டு வரணும்."

இப்படித்தான் அந்த மனுசன் என்னிடம் கேட்டார். திண்டிவனம் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் புதுசாக ஒரு உணவகம் கட்டிக்கொண்டிருந்தார். பழைய காலத்துக் கிராமத்து டீக்கடை மாதிரி இருக்க வேண்டுமாம். நாட்டு ஓடு, மரப்பெஞ்சு, பித்தளை பாய்லர், ரேடியோப் பெட்டி, எம்.ஜி.ஆர். பட போஸ்டர், சிவாஜி பட போஸ்டர். காரில் போகிற குடும்பங்கள் இறங்கி, போட்டோ பிடித்து, டீ குடித்துப் போக வேண்டும். இவன் தமிழ் எம்.ஏ. படித்தவன், எழுதுகிறவன் என்று என்கூடப் படித்த நண்பன் ஒருவன் என்னைக் கைகாட்டி விட்டிருக்கிறான். பணம் தருவதாகவும் சொன்னார். அந்த மாதம் எனக்குப் பணம் தேவையாகத்தான் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

"எந்த வருசத்து டீக்கடைங்க?" என்று கேட்டேன்.

"அறுபது, எழுபதுன்னு வச்சுக்குங்களேன். அதானே நல்ல காலம்."

"கிளாஸ் எத்தனை தினுசு வாங்கியிருக்கீங்க?"

அவருக்கு விளங்கவில்லை. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். அந்தப் பேச்சு எப்படி முடிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கதை சொல்லியாக வேண்டும். ஏனென்றால் பழசை விற்கிற இந்த வியாபாரம் நம்ம ஊரில் முளைத்தது இல்லை. கடல் தாண்டி இதற்கு ஒரு வம்சாவளி இருக்கிறது.

அமெரிக்காவில் இதற்கு ரெட்ரோ டைனர் என்று பெயர். டைனர் என்றால் நம்ம ரோட்டோர ஓட்டல் மாதிரி எளிய சாப்பாட்டுக்கடை. ரெட்ரோ என்றால் புதுசாகக் கட்டும்போதே பழசு மாதிரி கட்டுவது. 1950களில் கடைகள் எப்படி இருந்தனவோ அதே கோலத்தில் இன்றைக்கு ஒரு கடை. பளபளக்கும் எவர்சில்வர் தகடு, சிவப்பு ரெக்சின் இருக்கை, கட்டம் போட்ட தரை, நியான் விளக்கு, காசு போட்டால் பாடுகிற ஜூக்பாக்ஸ். கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அக்கா மகன் இப்படி ஒரு கடையில் உட்கார்ந்து போட்டோ பிடித்து அனுப்பினான். எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். "மாமா, அந்தக் காலத்துக்கே போன மாதிரி இருக்கு" என்று எழுதியிருந்தான்.

எந்தக் காலத்துக்குடா போனே மருமகனே? உன் பாட்டன் டீ குடித்த காலத்துக்கா? அந்தக் காலத்தில் அந்த நாட்டில் உன் நிறத்துக்கு என்ன மரியாதை என்று தெரியுமா?

அவனைத் திட்டி என்ன பயன்? உட்கார்ந்து படித்தேன். மெல்ஸ் டிரைவ்-இன் என்ற சங்கிலிக் கடையின் வரலாறு கையில் மாட்டியது. ரெட்ரோ டைனர் என்ற சரக்குக்கே இதைவிடப் பொருத்தமான சாட்சி கிடையாது.

1947இல் சான்பிரான்சிஸ்கோவின் சவுத் வான்நெஸ் சாலையில் மெல் வெய்ஸ், ஹரால்ட் டாப்ஸ் என்ற இரண்டு பேர் தொடங்கிய கடை அது. யுத்தம் முடிந்திருந்தது. வெள்ளைக்கார நடுத்தர வர்க்கத்தின் கையில் காசு புரண்டது. ஆளுக்கொரு கார். அந்தக் காரை விட்டு இறங்காமலே சாப்பிடுவதுதான் டிரைவ்-இன். கடை முன்னால் காரை நிறுத்தினால் இளம்பெண்கள் தட்டை ஏந்திக்கொண்டு வருவார்கள். ஜன்னல் கண்ணாடியில் தட்டை மாட்டிவிட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள். கார்ஹாப் என்று அந்தப் பெண்களுக்குப் பெயர். கடை ஓகோ என்று ஓடியது. பெர்க்கிலி முதலாக வட கலிபோர்னியாவின் பல ஊர்களில் கிளைகள் திறந்தார்கள்.

அதே காலத்தில் இன்னொரு கூட்டமும் அந்த ஊரில் இருந்தது. யுத்த காலத்தில் கப்பல் கட்டும் வேலைக்காகத் தென் மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான கறுப்பர்கள் சான்பிரான்சிஸ்கோவுக்கும் ஓக்லாந்துக்கும் ரிச்மண்டுக்கும் வந்து சேர்ந்திருந்தார்கள். யுத்தம் முடிந்ததும் வேலை போனது. ஆட்கள் போகவில்லை. அவர்களில் சிலர் கார் வாங்கினார்கள். ஆனால் அந்த நாட்டில் காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிற கறுப்பனுக்குக் கூடவே ஒரு புத்தகமும் வேண்டியிருந்தது. எந்த ஊரில் எந்தக் கடையில் சோறு போடுவார்கள், எந்த விடுதியில் படுக்க விடுவார்கள் என்று பட்டியல் போட்ட புத்தகம். ஹார்லெமில் வசித்த விக்டர் கிரீன் என்ற கறுப்பினத் தபால்காரர் 1936இல் தொடங்கி வெளியிட்டார். 'கிரீன் புக்' என்று பெயர். 1960களின் நடுப்பகுதி வரைக்கும் அது வந்துகொண்டிருந்தது. யோசித்துப் பாருங்கள். ஒருவன் காரில் உட்கார்ந்துகொண்டே தின்பதற்குக் கடை கட்டுகிறான். இன்னொருவன் இறங்கித் தின்ன எங்கே விடுவார்கள் என்று பட்டியல் தேடுகிறான். இரண்டு பேருக்கும் ஒரே வருசம், ஒரே சாலை. இதில் எவனுடைய 50கள் இன்றைக்கு நியான் விளக்காக எரிகிறது?

"அதெல்லாம் தெற்கேதான், மிசிசிப்பியில, அலபாமாவில. கலிபோர்னியா முற்போக்கான ஊராச்சே" என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். நம்ம ஊரிலும் இப்படித்தானே. "அதெல்லாம் பீகார்ல, உத்தரப்பிரதேசத்துல. இது பெரியார் மண்ணு." சான்பிரான்சிஸ்கோவின் யோக்கியதை 1957இல் வெளுத்தது. வில்லி மேஸ் அந்த நாட்டின் மாபெரும் பேஸ்பால் வீரர். அவர் ஆடிய குழு நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு இடம் மாறியது. வீடு வாங்கப் போனார். கறுப்பன் என்பதால் முதலில் விற்க மறுத்தார்கள். செய்தி வெளியே வந்து நாறிய பிறகுதான் வீடு கிடைத்தது. கையில் பணமும் ஊரெல்லாம் பேரும் இருந்தவருக்கே இந்தக் கதி.

இப்போது மெல்ஸ் கடைக்கு வருவோம். அந்தக் கடையில் கறுப்பர்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். கவனியுங்கள், போட்டார்கள். காசை வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டார்கள். ஆனால் ஆட்கள் பார்வையில் படுகிற முன்பக்க வேலைகளைக் கறுப்பர்களுக்குத் தர மறுத்தார்கள். தட்டு ஏந்துகிற வேலை, கல்லாவில் உட்காருகிற வேலை எல்லாம் வெள்ளைக்கு. பின்பக்க வேலை கறுப்புக்கு. காசுக்குத் தீட்டு இல்லை. முகத்துக்குத்தான் தீட்டு.

1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் லட்சக்கணக்கானவர்கள் திரண்டார்கள். வேலையும் விடுதலையும் வேண்டும் என்பது அந்தப் பேரணியின் கோரிக்கை. வேலை என்ற சொல் முதலில் வருகிறது என்பதை நம்ம ஆட்கள் அடிக்கடி மறந்துபோகிறார்கள். இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும், சான்பிரான்சிஸ்கோவிலும் பெர்க்கிலியிலும் மெல்ஸ் கடைகளின் முன்னால் மறியல் நடந்தது. கறுப்பு இளைஞர்கள், வெள்ளை மாணவர்கள், இடதுசாரிகள் எல்லோரும் சேர்ந்து பாகுபாட்டை ஒழிப்பதற்கென்று ஒரு தற்காலிகக் குழு அமைத்திருந்தார்கள். வெளியே அட்டை பிடித்துச் சுற்றி வந்தார்கள். உள்ளே போய் இருக்கைகளை நிரப்பி உட்கார்ந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் போலீசு அள்ளிக்கொண்டு போனது.

இதில் ஒரு அரசியல் முடிச்சும் இருந்தது. கடையின் பங்காளி ஹரால்ட் டாப்ஸ் வெறும் கடைக்காரர் இல்லை. நகர நிர்வாகக் குழு உறுப்பினர். அந்த நவம்பரில் மேயர் பதவிக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்தார். ஓட்டுக் கேட்டு வருகிறவரின் கடை வாசலில் மறியல். தேர்தலில் ஜான் ஷெல்லி ஜெயித்தார். டாப்ஸ் தோற்றார். மறியலால்தான் தோற்றார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மறியல்காரர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. முன்பக்க வேலை கறுப்பர்களுக்குத் திறந்தது. கோர்ட்டு சொல்லித் திறக்கவில்லை. முதலாளி மனசு இளகியும் திறக்கவில்லை. கைது செய்யப்பட்டவர்கள் திறந்தார்கள்.

அந்த நெருப்பு அங்கேயே அணையவில்லை. 1964 மார்ச்சில் அதே ஊரின் ஷெரட்டன் பேலஸ் ஓட்டலுக்குள் புகுந்து உட்கார்ந்தார்கள். முன்னால் நின்று நடத்தியவர்களில் ஒருவர் டிரேசி சிம்ஸ் என்ற 18 வயதுக் கறுப்புப் பெண். நூற்றைம்பதுக்கு மேல் கைது. ஓட்டல் முதலாளிகள் ஒப்பந்தம் போட்டார்கள். அங்கே கைதானவர்களில் மேரியோ சேவியோ என்ற மாணவரும் ஒருவர். அந்தக் கோடையில் மிசிசிப்பிக்குப் போனார். திரும்பி வந்து பெர்க்கிலியில் பேச்சுரிமை இயக்கத்தின் குரலானார். ஒரு சாப்பாட்டுக்கடை வாசலில் தட்டு ஏந்தும் வேலைக்காக நடந்த சண்டைக்கு இவ்வளவு தூரம் நீளம் உண்டு.

இனி கதையின் அடுத்த பாகம். பழசு எப்படிச் சரக்காகிறது என்பது.

1973இல் ஜார்ஜ் லூகாஸ் எடுத்த 'அமெரிக்கன் கிராஃபிட்டி' என்ற படம் வந்தது. 1962ஆம் வருசத்துக் கோடையின் கடைசி ராத்திரியில் ஒரு சிறு நகரத்து இளவட்டங்கள் கார் ஓட்டித் திரிகிற கதை. படத்தின் மையமான இடம் மெல்ஸ் டிரைவ்-இன். சவுத் வான்நெஸ் கடையிலேயே படம் பிடித்தார்கள். ரோலர் ஸ்கேட்ஸ் மாட்டிக்கொண்டு வழுக்கி வரும் பணிப்பெண்கள், நியான் வெளிச்சம், ராக் அண்ட் ரோல் பாட்டு. ஒரு மில்லியன் டாலருக்கும் குறைவான செலவில் எடுத்த படம் நூறு மில்லியனுக்கு மேல் அள்ளியது. 62இல் நீ எங்கே இருந்தாய் என்று அதன் விளம்பரம் பார்க்கிறவனைக் கேட்டது.

நல்ல கேள்விதான். ஆனால் யாரைப் பார்த்துக் கேட்டார்கள்? 62இல் மெல்ஸ் கடையில் கறுப்புப் பெண் எங்கே இருந்தாள்? தட்டு ஏந்தும் வேலைக்கு அவளை எடுப்பதற்கே அடுத்த வருசம் நூறு பேர் போலீசு வண்டி ஏற வேண்டியிருந்தது. படம் 62இல் நின்றுவிடுகிறது. ஒரு வருசம் தள்ளி எடுத்திருந்தால் அந்த வாசலில் மறியலைக் காட்டியிருக்க வேண்டும். அப்பாவித்தனமான காலம் என்று அவர்கள் உருகுகிறது எதை? கேட்க ஆள் இல்லாத காலத்தைத்தான்.

70களில் பழைய மெல்ஸ் கடைகள் மங்கிப்போயின. படத்தில் வந்த சவுத் வான்நெஸ் கட்டடத்தை 1976இல் இடித்துவிட்டார்கள். ஆனால் படம் சாகவில்லை. 1985இல் மெல் வெய்சின் மகன் ஸ்டீவன் வெய்சும் ஒரு கூட்டாளியும் சான்பிரான்சிஸ்கோவின் லம்பார்ட் தெருவில் மெல்சை மறுபடி திறந்தார்கள். அப்பன் திறந்தது ஒரு காலத்தின் கடை. மகன் திறந்தது ஒரு காலத்தைப் பற்றிய கடை. மேசைக்கு மேசை சின்ன ஜூக்பாக்ஸ். பிள்ளைகளுக்குச் சாப்பாடு அட்டையில் செய்த பழைய மாடல் காரில் வரும். பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கமும் கிளை விட்டது. 1990இல் ஃபுளோரிடாவில் திறந்த யுனிவர்சல் கேளிக்கைப் பூங்காவுக்குள்ளும் ஒரு மெல்ஸ் கட்டினார்கள். கடையைப் பார்த்துப் படம், படத்தைப் பார்த்துக் கடை, அந்தக் கடையைப் பார்த்துப் பூங்காவில் பொம்மைக் கடை. இந்த ஒவ்வொரு நகலிலும் எவர்சில்வர் இன்னும் கொஞ்சம் பளபளத்தது. மறியல் இன்னும் கொஞ்சம் அழிந்தது.

ரீகன் ஆட்சிக் காலம் அது. 1986இல் லாஸ் ஏஞ்சல்சில் ஜானி ராக்கெட்ஸ் என்று இன்னொரு கடை இதே பாணியில் கிளம்பிச் சங்கிலியாக வளர்ந்தது. உரிமைப் போராட்டங்களைக் கேட்டுக் காது புளித்துப்போன ஒரு வர்க்கம், போராட்டம் வருவதற்கு முந்தைய காலத்தைத் தட்டில் வைத்துத் தரச்சொல்லிக் கேட்டது. தந்தார்கள்.

"என்னங்க, தின்கிற பண்டத்தில் போய் அரசியல் தேடுறீங்க" என்று ஒரு இலக்கிய நண்பர் சலித்துக்கொண்டார். நியாயமாகப் பேசுவோம். இன்றைக்கு அங்கே உட்கார்ந்து பர்கர் தின்கிறவன் குற்றவாளி இல்லை. மகன் செய்யாத தவறுக்கு மகனைக் கூண்டில் ஏற்றவும் நான் வரவில்லை. அந்த நிர்வாகம் உடன்பாட்டுக்கு வந்தது என்பதையும் சொல்லிவிட்டேன். என் சண்டை பர்கரோடு இல்லை. 'நல்ல காலம்' என்ற சொல்லோடு. தின்கிற பண்டத்தில் அரசியலை வைத்தது நானா? யார் தட்டு ஏந்தலாம், யார் உட்காரலாம் என்று சட்டம் போட்டவன் வைத்தான். அந்தச் சட்டத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுவரை மட்டும் பளபளப்பாக்கிக் காட்டுகிறவன் இன்னொரு முறை வைக்கிறான்.

பழசை வேறு மாதிரியும் வைக்கலாம். வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் உல்வொர்த் கடையின் சாப்பாட்டு மேடையில் 1960 பிப்ரவரி 1 அன்று நான்கு கறுப்பு மாணவர்கள் உட்கார்ந்தார்கள். காப்பி தர மறுத்தார்கள். எழுந்திருக்க மறுத்தார்கள். மறுநாள் இன்னும் பலர், அதற்கு மறுநாள் இன்னும் பலர். ஜூலை 25ஆம் தேதி கடை பணிந்தது. அன்றைக்கு அந்த மேடையில் முதலில் உட்கார்ந்து சாப்பிட்ட கறுப்பர்கள் யார் தெரியுமா? அந்தக் கடையிலேயே வேலை பார்த்தவர்கள். வேலை உடுப்பைக் கழற்றிவிட்டுச் சொந்த உடுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். இத்தனை வருசம் துடைத்த மேடையில் அன்றைக்குத்தான் கை ஊன்றிச் சாப்பிட்டார்கள். அந்த மேடையின் ஒரு பகுதி வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உல்வொர்த் கட்டடமே 2010இல் சமூக உரிமை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அதுவும் எவர்சில்வரும் ரெக்சினும்தான். ஆனால் அங்கே யார் உட்கார முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

அதெல்லாம் முடிந்துபோன பழங்கதை என்றும் சொல்ல முடியாது. 1993 ஏப்ரல் 1 அன்று அனாபொலிஸ் நகரில், டென்னிஸ் என்ற பெரிய சங்கிலி உணவகத்தில், ஜனாதிபதியின் பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்த கறுப்பு அதிகாரிகள் ஆறு பேர் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். கூட வந்த வெள்ளை அதிகாரிகள் சாப்பிட்டு முடித்தார்கள். இவர்களுக்குத் தட்டே வரவில்லை. இதுவும் இதுபோன்ற புகார்களும் வழக்கானதில் 1994இல் அந்த நிறுவனம் 54 மில்லியன் டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஜனாதிபதிக்குக் காவல் நிற்கலாம். மேசைக்குச் சோறு வராது.

இதையெல்லாம் இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் ஏன் எழுத வேண்டும்? உறவு இருக்கிறது. 1946இல் டாக்டர் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு பாய்சுக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் ஐ.நா.வுக்குக் கொடுக்கும் மனுவின் பிரதி கேட்டார். டு பாய்ஸ் பதில் எழுதினார். 1966இல் ஓக்லாந்தில், மெல்ஸ் மறியல் நடந்த ஊர்களுக்கு அக்கம்பக்கத்தில், கருஞ்சிறுத்தைகள் கிளம்பினார்கள். 1972இல் பம்பாயில் நம்ம ஆட்கள் அந்தப் பெயரை எடுத்துத் தலித் சிறுத்தைகள் என்று வைத்துக்கொண்டார்கள். அவர்கள் கதை நமக்கு அந்நியக் கதை இல்லை.

ஆனால் இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடவும் கூடாது. நிறவெறி கண்ணால் பார்த்து ஒதுக்கியது. கறுப்புக் கை சமைக்கலாம், வெள்ளையன் தின்பான். முகம் மட்டும் முன்னால் வரக்கூடாது. சாதி தொட்டதை ஒதுக்குகிறது. நம்ம முகம் வாசலில் நிற்கலாம், மாடு ஓட்டலாம், விறகு பிளந்து போடலாம். கை மட்டும் சோற்றில் படக்கூடாது. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் கூட்டமாக வந்து நின்றார்களே. அந்த அம்மாவின் முகமா அவர்களுக்குப் பிரச்சினை? கை.

சட்டத்தில் நாம் அவர்களுக்கு முந்தியவர்கள். கடைக்குள்ளும் உணவு விடுதிக்குள்ளும் யாரையும் சாதி சொல்லித் தடுக்கக்கூடாது என்று 1950லேயே நம்ம அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு சொல்லிவிட்டது. உணவு விடுதிப் பாத்திரத்தைப் புழங்கத் தடுப்பதும் குற்றம் என்று 1955இல் தனிச்சட்டமே வந்தது. அமெரிக்காவுக்கு அது 1964 ஜூலை வரைக்கும் ஆயிற்று. பதினாலு வருசம் முந்தி ஓடியும் நம்ம கிளாஸ் கூரையில்தான் தொங்கியது.

1957இல் பெரியார் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் மறியல் நடத்தினார். பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடு என்று மாதக்கணக்கில் தொண்டர்கள் சிறைக்குப் போனார்கள். அந்தப் போராட்டத்தை நான் மதிக்கிறேன். பலகை இறங்கியது. ஆனால் பலகையே இல்லாத டீக்கடைகள் ஊர் ஊராக இருந்தன. அங்கே பிராமணன் கிடையாது. டீ ஆற்றியவனும் பெஞ்சில் உட்கார்ந்தவனும் பிற்படுத்தப்பட்டவன். அந்த வாசலில் மாதக்கணக்கில் நிற்க யார் வந்தார்கள்?

படத்துக்காரன் கேட்ட கேள்வியை நான் எங்கப்பாவிடம் கேட்டேன். "62இல் நீ எங்கப்பா இருந்தே?"

"62ஆ? எனக்கு ஆறு வயசு இருக்கும். எங்கப்பாகூட ஊருக்குள்ள டீக்கடைக்குப் போவேன். கடைக்குள்ள போக மாட்டோம், எதிர்ல தரையில குந்திக்குவோம். கொட்டாங்குச்சியிலதான் டீ. பெரியவனானப்புறம் கிளாஸ் வந்துச்சி. கூரையில ஒரு குச்சியில மாட்டியிருப்பாங்க. நாமளே எடுக்கணும். அவன் மேலேர்ந்து ஊத்துவான், சுடச்சுடக் கையில தெறிக்கும். குடிச்சிட்டுக் கழுவிக் கமுத்திட்டு வரணும். காசைத் தரையில வைக்கணும்."

நான் பிறந்து வளர்ந்த 90களில் செஞ்சிப் பக்கத்து எங்கள் ஊரில் கூரை ஓடாக மாறியிருந்தது. குச்சி போய்விட்டது. "ரெட்டை கிளாஸ் ஒழிஞ்சிபோச்சி" என்று பேசிக்கொண்டார்கள். எப்படி ஒழிந்தது? ஊருக்குக் கண்ணாடி கிளாஸ், காலனிக்குக் குடித்துவிட்டு வீசுகிற கப். சுத்தம் என்று காரணம் சொன்னார்கள். சுத்தம் எங்களுக்கு மட்டும் ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது.

பிறகு எம்.ஏ. வகுப்பில் உட்கார்ந்தேன். மண்வாசனை இலக்கியம் பற்றிப் பேராசிரியர் உருகிக்கொண்டிருந்தார். டீக்கடைதான் கிராமத்தின் பார்லிமெண்டு, சனங்கள் கூடி உலக நியாயம் பேசுகிற இடம் என்றார். "அய்யா, அந்தப் பார்லிமெண்டுல எங்களுக்குத் தரையில எடம்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பக்கத்தைப் புரட்டினார். தமிழ்ப் பழங்கனவு எழுத்தின் மொத்த யோக்கியதையும் அந்தப் புரட்டலில் இருக்கிறது. பாய்லர் சத்தம் எழுதுவான். ஏலக்காய் வாசனை எழுதுவான். எதிரில் குந்தியிருந்தவனை எழுத மாட்டான். ரெட்ரோ டைனருக்கு நியான் வேண்டும், இவனுக்கு நடை வேண்டும். சரக்கு ஒன்றுதான்.

இனி அந்த நெடுஞ்சாலைக் கடைக்காரர். கிளாஸ் எத்தனை தினுசு என்று நான் கேட்டதற்கு அர்த்தத்தை நிதானமாகச் சொன்னேன். அறுபதுகளின் டீக்கடை வேண்டுமென்றால் கூரையில் ஒரு குச்சியும் அதில் நாலு கிளாசும் மாட்டுங்கள், எதிரில் தரையில் ஒரு இடம் விடுங்கள், அப்போதுதான் அச்சு அசலாக இருக்கும் என்றேன். அவர் முகம் மாறியது. அதுவரைக்கும் 'சார்' என்றவர் அந்த நிமிசத்திலிருந்து 'தம்பி' என்றார்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு தம்பி? நல்லதை மட்டும் நெனைப்போமே."

நல்லதை மட்டும். சரி. காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாலு வரி எழுதிக் கொடுத்தேன்:

இந்தப் பெஞ்சில் அன்றைக்கு எல்லோரும் உட்கார்ந்ததில்லை.
உட்கார விடாதவர்களின் பிள்ளைகள் இதைப் பழைய ஞாபகம் என்கிறார்கள்.
தரையில் குந்தியவர்களின் பிள்ளைகளுக்கும் ஞாபகம் இருக்கிறது.
உள்ளே வாருங்கள். இடம் கேட்காமல் உட்காருங்கள்.

அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு கூப்பிடவில்லை.

எங்கப்பாவிடம் சொன்னபோது பாராட்டுவார் என்று நினைத்தேன். "காசை வாங்கியிருக்கலாமேடா" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அந்தக் கடை எப்பத் தொறக்கறான்?"

"ஏம்ப்பா?"

"என்னைக் கூட்டிட்டுப் போ. அந்தப் பெஞ்சுல நடுவுல குந்தணும். கண்ணாடி கிளாஸ்ல டீ கேக்கணும். குடிச்சிட்டுக் கழுவாம வச்சிட்டு வரணும்."

உல்வொர்த் கடையின் வேலைக்காரர்கள் சொந்த உடுப்பு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்ததை எங்கப்பா படித்ததில்லை. படிக்காமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தோழர்களே, இப்படிக் கடைகள் இன்னும் வரும். பழைய காலத்தைக் காட்டிக் காசு பார்க்க இன்னும் பலர் கிளம்புவார்கள். புறக்கணியுங்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள். வீட்டுப் பெரிசுகளை அழைத்துக்கொண்டு போங்கள். பெஞ்சின் நடுவில் உட்காருங்கள். டீ வந்ததும் கல்லாவில் இருப்பவரைக் கூப்பிட்டு, பக்கத்து மேசைக்கும் கேட்கிற மாதிரி கேளுங்கள்:

"எல்லாம் அந்தக் காலத்துல இருந்த மாதிரியே இருக்குங்க. அந்த இன்னொரு கிளாஸ் எங்கே?"